அம்மா கை வாரம்

2008 ஜூலை 7, திங்கள்

காற்று. மண்ணை வாரி வாயில் போடுகிற காற்று. மழை பெயருக்குக்கூட இல்லை.

முதலில் வெட்கக்கேடு. எழுதித் தொலைத்துவிட்டால் பாரம் குறையும். காலையில் பாயில் உட்கார்ந்தவள் எழுந்திருக்க முடியவில்லை. புதுமுறைப் படிப்பில் டீச்சரும் பிள்ளைகளோடு தரையில்தான் உட்கார வேண்டும். உட்காருவது சுலபம், பூமியே இழுத்துக்கொள்ளும். எழுந்திருப்பதற்கு இன்னும் அரசாணை வரவில்லை. இடைவேளை மணி அடித்த பிறகும், "இந்தப் பாட அட்டையை முடிச்சிட்டே போவோம்" என்று கடமை வீராங்கனை மாதிரி உட்கார்ந்திருந்தேன். கடைசியில் நாலாம் வகுப்பு ஜோதியும் இன்னொருத்தியும் ஆளுக்கொரு கை பிடித்து இழுத்தார்கள். கிணற்றில் விழுந்த மாட்டை எடுக்கிற மாதிரி. த.ஆ. (தலைமையாசிரியர்) வாசலில் நின்று பார்த்தார். பார்க்காதது போல் குடையை விரித்தார். வகுப்புக்குள்ளேயே.

ஜோதி சொன்னாள்: "கையை ஊனி எந்திரிங்க டீச்சர். எங்கம்மா அப்படித்தான் எந்திரிப்பாக."

அதிலேயே இந்த வாரத்துக்கான விஷயம் கிடைத்தது. கை.

வாரா வாரம் வாசல் கரும்பலகையில் எழுதிப் போட வேண்டும், பெற்றோர் தெரிந்துகொள்ள. போட்டேன்.

இந்த வாரம்: கை.
வெள்ளி மாலை: அம்மாக்கள் வந்து ஒரே தாளில் கை பதிப்பது.
அடுத்த வாரம்: தண்ணீர் எங்கே போகிறது?

இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து ஒரு மாசம். இதுவரை அந்தப் பலகையைக் கவனித்தவை ஆடுகள் மட்டும். முதுகு தேய்க்க வசதி.

பிள்ளைகள் கேட்ட கேள்விகள் (அவர்கள் கேட்க வேண்டும், நாம் உடனே பதில் சொல்லக் கூடாது, அதுதான் புதுமுறை. எனக்குப் பாதிக்குப் பதில் தெரியாது, அதனால் ஒத்துப்போகிறது):
கட்டைவிரல் மட்டும் ஏன் தனியா நிக்குது?
நகத்தை வெட்டினா ஏன் வலிக்கல?
இடது கைக்கு ஏன் எழுத வரல?
டீச்சர் கை ஏன் மெத்துனு இருக்கு? (இது தேவையில்லாத கேள்வி.)

வீட்டுவேலை: அம்மாவின் வலது கையை ஏதாவது சாயத்தில் முக்கி, தாளில் பதித்து, பின்னால் பெயர் எழுதிக் கொண்டுவர வேண்டும். அம்மா இல்லாத பிள்ளைகள் யாரென்று முன்கூட்டியே த.ஆ.விடம் கேட்டுவைத்துக்கொண்டேன். அவர்களுக்கு அத்தை கை, சித்தி கை. யாரும் மனம் நோகக் கூடாது பாருங்கள். எல்லாவற்றையும் யோசித்துச் செய்கிறவள் நான்.

வருகையையும் பிள்ளைகளே சுவர் அட்டவணையில் குறித்துக்கொள்கிறார்கள். த.ஆ. அதைப் பார்த்துப் பதிவேட்டில் ஏற்றிவிடுவார். பெயர் கூப்பிடுகிற வேலை மிச்சம். புதுமுறையில் எனக்குப் பிடித்த ஒரே இடம்.

வீட்டில் தக்காளி இல்லை. மறந்துவிட்டேன்.


8, செவ்வாய்

அதே காற்று. ஆமத்தூர் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. கண்ணில் தூசி விழுந்தது. கிடைத்ததற்குத் தண்டனை.

கைகள் வந்து சேர்ந்தன. மஞ்சள் கை, கரிக்கை, சொட்டு நீலக் கை. ஒருத்தி தாளில் பளபளவென்று வெள்ளிக் கை. "என்ன சாயம்டி?" என்றேன். "சாயம் ஒண்ணும் இல்ல டீச்சர். வேன்ல இருந்து எறங்குனதும் அப்படியே வச்சாக." பட்டாசுக் கம்பெனி மருந்து. கழுவினாலும் போகாதாம்.

ஒவ்வொன்றாய்த் தூக்கிக் காட்டி ஒவ்வொரு கமெண்ட். நாற்பது சொச்சம் பிள்ளைகள், ஒன்றிலிருந்து நாலு வரை கலந்து கட்டி, வயிறு வலிக்கச் சிரித்தார்கள். நான் ஃபார்மில் இருந்தேன். ஒரு தாளில் மூன்றே விரல். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல். மீதி இடம் வெறுமை. பின்னால் திருப்பிப் பார்த்தேன், மாரீஸ்வரி, மூன்றாம் வகுப்பு.

"என்ன மாரீஸ்வரி, உங்கம்மா மூணு விரல்தான் குடுத்தாங்களா? மீதி ரெண்டும் அடுத்த தவணையா?"

ஒன்றும் இரண்டும் விழுந்து விழுந்து சிரித்தன. தவணைக்குப் பாத்திரம் விற்கிறவர் வாராவாரம் சைக்கிளில் வருகிற ஊர், ஜோக் உடனே பிடிபட்டுவிட்டது. மூன்றும் நாலும் சிரிக்கவில்லை. என் சரக்கு பெரிய வகுப்புக்கு எட்டவில்லை போல. ஜோதி ஏதோ சொல்ல எழுந்தாள். "நீ என்ன அவளுக்கு வக்கீலா? உட்காரு" என்றேன். அதற்கும் சிரிப்பு.

"முழுக் கையையும் வச்சு, திருப்பிக் கொண்டா மாரீஸ்வரி." தாளைத் 'திரும்பச் செய்க' கட்டில் போட்டேன்.

நல்ல நாள். தக்காளி வாங்கியாச்சு.


9, புதன்

எப்படி எழுதுவது.

மத்தியானம் சத்துணவு வரிசை. ராக்கம்மா சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஆயா வேலை, இந்த ஊர்க்காரி, ஊர் முழுக்கச் சொந்தம். அவளைச் சிரிக்கவைக்கலாம் என்று நேற்றைய தவணை ஜோக்கை எடுத்துவிட்டேன். நானே போய், தேடிப் போய், நின்று சொன்னேன்.

கரண்டி நின்றுவிட்டது.

"எந்தப் புள்ள டீச்சர்?"

"மாரீஸ்வரி. மூணாப்பு."

"செல்வி மகளா?" வரிசையில் நின்ற பிள்ளைகளை ஒரு பார்வை பார்த்தாள். குரலைத் தணித்தாள். "ஒங்களுக்கு யாரும் சொல்லலையா? முந்தின வருசம் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு கம்பெனில வெடிச்சுச்சுல்ல. அன்னைக்கு உள்ள இருந்தவ அவ. ரெண்டு விரலைக் குடுத்துட்டு வந்தா. கூடப் போன அவ நாத்தனா வரவே இல்ல."

சாம்பார் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முருங்கைக்காய் மிதந்தது.

"சிரிச்சாகளா எல்லாரும்?" என்றாள் ராக்கம்மா.

"சின்னதுக மட்டும்."

"பெருசுகளுக்குத் தெரியும்லா."

ஆக, மூன்றும் நாலும் சிரிக்காததற்குக் காரணம் என் சரக்கு எட்டாதது இல்லை.

மாரீஸ்வரி இன்று வரவில்லை. ஜோதியிடம், "மாரீஸ்வரி வரலையா?" என்றேன். "வரல டீச்சர்." ஏன் என்று கேட்க வாய் வரவில்லை. இந்த வாய்க்கு அது புதுசு. ஜோதி அவளுக்குப் பக்கத்து வீடு. ஏன் என்று சொல்லிவிடுவாளோ என்று பயம்.

இப்போது யோசித்தால் எல்லாம் நினைவுக்கு வருகிறது. ஜன்னல் பக்கத்து மூலை. இரட்டைச் சடை, சிவப்பு ரிப்பன். நான் சொன்னதும் தலை குனிந்தது. பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அப்போது கண்ணில் பட்டும் மனதில் படவில்லை.

தாளைக் கட்டிலிருந்து எடுத்து, பிள்ளைகளின் வேலைகளைத் தொங்கவிடுகிற கம்பியில் நடுவில் மாட்டினேன். நடுவில் மாட்டினால் வேடிக்கை காட்டுகிற மாதிரி. ஓரத்துக்கு மாற்றினேன். ஓரத்தில் மாட்டினால் ஒதுக்கினது மாதிரி. மறுபடி கொஞ்சம் உள்ளே தள்ளி மாட்டினேன். த.ஆ. கேட்டார், "என்ன டீச்சர், துணி காயப்போடுறீகளா?" அவருக்கும் ஜோக் வருகிறது. என்றைக்கு வர வேண்டுமோ அன்றைக்கு வந்ததில்லை.

அவரிடம் கேட்டேன், "சார், இதை ஏன் எனக்குச் சொல்லலை?" "அம்மா இல்லாத புள்ளைகளைத்தானே கேட்டீங்க? சொன்னேனே" என்றார். நியாயம்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். தட்டிலிருந்து நிமிராமல், "இதுக்கு மேல ஒண்ணும் பேசாத. ஒரு தடவையாவது பேசாம இருந்து பாரு" என்றார். இருபத்திரண்டு வருஷமாகச் சொல்கிற வசனம். புது உபயோகம்.


10, வியாழன்

மாரீஸ்வரி இன்றும் இல்லை.

ராக்கம்மா இன்னொன்றும் போட்டாள்: "செல்விக்கு ஒரு அக்கா மல்லாங்கிணத்துல இருக்கா. அங்கன பள்ளிக்கூடம் நல்லாருக்குனு போன வருசமே கூப்புட்டா. மனசு விட்டுச்சுன்னா அங்கனயே சேத்து விட்டாலும் விட்டுருவா."

கணக்கில் கெட்டி அந்தப் பிள்ளை. பாடம் பாடமாக ஏறுகிற ஏணி அட்டையில் எல்லாரையும் தாண்டி மேலே நிற்கிறாள். என் வாயால் ஒரு பிள்ளை ஊரை விட்டே போவதா. சாயங்காலம் பஸ்ஸை விட்டுவிட்டு நேரே போனேன். வீட்டுக்காரர் சொன்னது காதில் இருந்தது. மன்னிப்புக் கேட்பது பேச்சு ஆகுமா? ஆகாது என்று முடிவு செய்துகொண்டேன்.

செல்வி வீட்டு வாசலில் நிழலில் உட்கார்ந்து வெடிக்குழாய் உருட்டிக்கொண்டிருந்தாள். கம்பெனிக்கு இப்போது போவதில்லை, வீட்டு வேலைதான். கம்பியில் காகிதத்தைச் சுற்றுவது, பசை தடவுவது, உருவிப் போடுவது. அந்த வலது கைதான். மூன்று விரலும் என்ன வேகம். நான் பார்க்கக் கூடாது என்று எங்கெங்கோ பார்த்தேன். அவளுக்கு அந்த வம்பே இல்லை. அந்தக் கையால் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அந்தக் கையால் வேர்வையைத் துடைத்தாள். அந்தக் கையால் தண்ணீர்ச் செம்பை நீட்டினாள்.

"வாங்க டீச்சர். பலகைல பாத்தேன், வெள்ளிக்கிழமைதான வரச் சொல்லியிருந்தீக? ஒரு நாள் முந்தி நீங்களே வந்துட்டீக."

பலகையை வாசிக்கிற ஒரு ஆள் இருந்திருக்கிறாள்.

"மாரீஸ்வரி எங்கம்மா?"

"மல்லாங்கிணத்துல, எங்க அக்கா வீட்டுல இருக்கா டீச்சர். ஞாயித்துக்கிழமை..."

முடிக்கவிடவில்லை. மல்லாங்கிணறு என்று காதில் விழுந்ததும் ஆரம்பித்துவிட்டேன். எல்லாம் சொன்னேன். எனக்கு விஷயம் தெரியாது, ஊருக்குப் புதுசு, தாளைத் தூக்கிக் காட்டியது, மூன்று விரல், தவணை. வார்த்தை மாறாமல் சொன்னேன். சொல்லிப் பழகிய வாய் பாருங்கள், ஏற்ற இறக்கத்தோடு வந்தது. 'அடுத்த தவணையா' என்கிற இடத்தில் நிறுத்தி வேறு சொல்லிவிட்டேன்.

குழாய் உருட்டுவது நின்றுவிட்டது.

"அப்படியா சொன்னீக."

அவளுக்குத் தெரியாது. பிள்ளை வீட்டில் சொல்லவே இல்லை. அம்மா நோகக் கூடாது என்று விழுங்கியிருக்கிறது. நான் வந்து கொட்டிவிட்டேன்.

"மாரி இருந்தாளா அப்ப?"

"இருந்தாளே. தலையைக் குனிஞ்சுக்கிட்டா."

"ம்."

ஒரு கோழி வந்து பசைச் சட்டியைக் கொத்தப் பார்த்தது, விரட்டவில்லை.

"விடுங்க டீச்சர். வேணும்னேவா சொன்னீக."

"அவளை இங்கயே அனுப்புவீங்கல்ல?"

"அனுப்பாம. வருவா."

இதெல்லாம் சொல்லும்போதே முந்தானையை இழுத்து அந்தக் கையை உள்ளே விட்டுக்கொண்டாள். வேண்டும் என்று செய்ததாகத் தெரியவில்லை. குளிருக்கு இழுத்துப் போர்த்துகிற மாதிரி. இந்த வெயிலில். நான் எழுந்து தெரு முனை திரும்பும் வரை அது வெளியே வரவில்லை. திரும்பித் திரும்பிப் பார்த்தேன், அதனால் தெரியும்.

வீட்டுக்காரர் எங்கே போனாய் என்று கேட்டார். பஸ் லேட் என்றேன்.


11, வெள்ளி

காற்று அடங்கிவிட்டது. புழுக்கம்.

அம்மாக்கள் வேனில் இருந்து இறங்கிய பிறகுதான் கிடைப்பார்கள் என்று ஆறு மணிக்கு வைத்தோம். நாலு சார்ட்டை ஒட்டி ஒரே தாள். தட்டில் நீலச் சாயம். த.ஆ. புதுச் சட்டை, தலைக்குப் புது மை. காது மடலிலும் கொஞ்சம்.

பெண்கள் கூட்டம் சேர்ந்ததும் பள்ளிக்கூடமே கல்யாண வீடு.

"ஏ புள்ள, மெதுவா வையி. ஒங்கையை அமுக்குனா தாளு மறுபக்கம் வந்துரும்."

"கைநாட்டுன்னு யாரையும் இனிமே சொல்லப்படாது, டீச்சரே கைநாட்டுதான் கேக்காக."

"கட்டைவெரலு போதாதாம், அம்புட்டு வெரலும் வேணுமாம்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல நாலைந்து வந்தது. எச்சிலோடு விழுங்கினேன்.

செல்வி கடைசியில் வந்தாள். குளித்து, நல்ல சேலை கட்டி. முந்தானையை வலது கையில் சுற்றிப் பிடித்திருந்தாள். நேற்றைக்கு முன்னால் அவளைப் பார்க்காதவர்கள் அதை ஒரு பழக்கம் என்று நினைத்திருப்பார்கள். ராக்கம்மா பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

இடது கையைச் சாயத்தில் வைத்தாள்.

"வலது கைம்மா, வலது" என்றார் த.ஆ.

"இருக்கட்டும் சார். இதான் சுத்தமா விழும்."

ஐந்து விரலும் அழகாக விழுந்தது. தாள் முழுக்கக் கட்டைவிரல்கள் ஒரு பக்கம் பார்க்க, அது ஒன்று மட்டும் மறுபக்கம்.

போகும்போது கம்பியைப் பார்த்து நின்றாள். பிறகு என் பக்கத்தில் வந்து, மெதுவாக: "அந்த மூணு வெரல் தாள எறக்கிருங்களேன் டீச்சர்."

இறக்கிவிட்டேன். மடிக்க மனம் வரவில்லை, சுருட்டிப் பையில் வைத்திருக்கிறேன். மருதாணிச் சிவப்பு. நன்றாகத்தான் பதிந்திருக்கிறது. அம்மாவும் மகளும் உட்கார்ந்து நிதானமாகப் பதித்திருக்கிறார்கள்.

வீட்டுக்காரரிடம் உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "சாப்பிடு" என்றார். திட்டியிருக்கலாம்.


12, சனி

லீவு. மண்ணெண்ணெய் வரிசை. முன்னால் நின்றவர் ஒரு ஜோக் சொன்னார், எல்லாரும் சிரித்தார்கள், நான் யாருக்கு வலிக்கும் என்று தேடினேன். இனி இது ஒரு வியாதியாகிவிடும் போலிருக்கிறது.

அடுத்த வார வேலைகள்: தண்ணீர். ஓட்டை டப்பா, மண், மணல், வடிகட்ட பழைய வேட்டித் துணி (வீட்டுக்காரர் தூங்கும்போது எடுக்க வேண்டும்). அடிகுழாய்வரை நடத்திக் கூட்டிப்போவது. வீட்டுவேலை: அம்மா ஒரு நாளைக்கு எத்தனை குடம் எடுக்கிறாள்?

கடைசி வரியை அடித்துவிட்டேன். அம்மாவை விட்டுவிடுவோம் கொஞ்ச நாளைக்கு.


13, ஞாயிறு

கோயிலில் பிரசங்கம் நாவை அடக்குவது பற்றி. பாஸ்டருக்கு யார் சொன்னது? வீட்டுக்காரரைச் சந்தேகிக்கிறேன். வெளியே வந்ததும் ஒருத்தி, "என்ன அமைதியா இருக்கீங்க, உடம்பு சரியில்லையா?" இன்னொருத்தி, "ஏதாவது சொல்லுங்களேன், சிரிச்சு நாளாச்சு." பல்வலி என்றேன்.

நாளை அவள் வருவாளா. வந்தால் முதல் வேலையாக அவளிடம் சொல்ல வேண்டும். சுருக்கமாக. நடிப்பில்லாமல். இரண்டே வரி.

வராவிட்டால் மல்லாங்கிணற்றுக்கு பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்து வைத்துக்கொண்டேன்.


14, திங்கள்

மேகம். விழவில்லை.

மாரீஸ்வரி வந்துவிட்டாள். கை நிறையக் கண்ணாடி வளையல். பெரியம்மா பேரனுக்கு நேற்றுக் காது குத்தாம், ஆட்டுக்கறியாம், ரங்கராட்டினமாம். ஒற்றைச் சடை. சிவப்பு ரிப்பன் இல்லை, பச்சை.

மற்றவர்கள் டப்பாவில் மண் நிரப்பிக்கொண்டிருந்தபோது அவள் மட்டும் பெரிய தாளின் முன்னால் போய் நின்றாள். ஒவ்வொரு கையாகத் தொட்டுக்கொண்டே வந்தாள். முதல் வரிசை, இரண்டாவது, மூன்றாவது. மறுபடி முதலிலிருந்து.

"டீச்சர், எங்கம்மா வெள்ளிக்கிழமை வரலையா?"

"வந்தாங்களே."

"வரல. எங்கம்மா கையைச் சட்டுனு கண்டுபிடிச்சிரலாம். இதுல இல்ல."

அந்த இடது கையைக் காட்டினேன். குனிந்து பார்த்தாள். தன் கையை அதன் மேல் வைத்துப் பார்த்தாள்.

"இது யார் கையோ. எங்கம்மா கை இல்ல." கம்பியை அண்ணாந்து பார்த்தாள். "நான் குடுத்த தாள எங்க மாட்டியிருக்கீக?"

பாயில் உட்கார்ந்தேன், அவள் உயரத்துக்கு. முழங்காலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

"மாரீஸ்வரி, அன்னைக்கு உன் தாளைக் காட்டி டீச்சர் ஒண்ணு சொன்னேன்ல. அது தப்பு. டீச்சருக்குத் தெரியாம..."

"என்னைக்கு? என்ன சொன்னீக?"

"செவ்வாய்க்கிழமை. எல்லாரும் சிரிச்சாங்களே."

அவள் ஜோதியைப் பார்த்தாள். ஜோதி மண் கையோடு எழுந்து வந்தாள்.

"செவ்வாக்கெழம இவ எங்க டீச்சர் வந்தா? திங்கக்கெழம சாயந்தரமே இவ பெரியம்மா வந்து மல்லாங்கிணத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டாக. தாள என்கிட்ட குடுத்துவிட்டா, நான்தான கொண்டாந்தேன். அதைச் சொல்லத்தான் அன்னைக்கு எந்திரிச்சேன்."